பயிற்சிக் கட்டில்

செத்தவர்களைத்தான் படுக்க வைத்துக் குளிப்பாட்டுவார்கள். என்னை உயிரோடு, பேச்சும் புத்தியும் தெளிவாக இருக்கும்போதே, ஓர் இரும்புக் கட்டிலில் கிடத்தி, பத்துப் பன்னிரண்டு பெண்கள் முறை வைத்துத் துடைத்தார்கள். யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. நானே நடந்து போய்த்தான் படுத்தேன். ஏன் படுத்தாய் என்று கேட்டவர்களுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். கல்யாணம் ஆகி வந்த பிறகு அறிவொளிக்காரர்கள் நடத்திய பள்ளியில் கற்ற எழுத்து. வேகமாக வராது. எனக்கு அவசரமும் இல்லை.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையில் ஒரு ரைஸ்மில் இருந்தது. பல வருஷம் மூடிக் கிடந்து, புறா அடைந்து, எச்சம் காய்ந்து நாறிய இடம். அதற்கு வெள்ளையடித்து, போர்டு மாட்டி, சமுதாயக் கல்லூரி என்றார்கள். பத்தாவதில் தவறியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி. பையன்களுக்கு வயரிங், ஏசி மெக்கானிக். பெண்களுக்குத் தையல், நோயாளிப் பராமரிப்பு. படித்து முடித்த பையன்களைக் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. எதிரில் டீக்கடை வந்தது, ஜெராக்ஸ் கடை வந்தது, மானாம்பதிப் பக்கத்துப் பிள்ளைகள்கூட பஸ் மாறி வந்து படித்தார்கள். ஊர் வளருகிறது என்றார்கள். வளர்ந்ததை நானும் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். வளர்ந்த இடத்தில் அடித்த நாற்றத்தையும் பார்த்தேன்.

என் மருமகள் அதில் சேரப் போகிறேன் என்றாள். அவளைக் கட்டிய என் மகன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை, போக அங்கே யாருமில்லை. என்னோடு நடவுக்கு வந்தாள். நடவில்லாத நாளில் செங்கல் சூளைக்குப் போனாள். சூளையில் மேஸ்திரி கை நீட்டுகிறான் என்று ஒருநாள் பாதியில் திரும்பி வந்தவள், மறுநாள் கல்லூரி வாசலில் போய் நின்றாள். ஆறு மாதப் படிப்பு. முடித்தால் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மாதச் சம்பளம் என்று அங்கே இருந்த டீச்சர் சொல்லியிருந்தாள். அந்த வேலை கிடைத்தால் இவள் இனி எந்த மேஸ்திரி முன்னாலும் கூடை தூக்கி நிற்க வேண்டாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் சூளைதான். விஷயம் அவ்வளவுதான்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. எங்கள் காலனியில் எல்லோரும் அதைப் பீ அள்ளுகிற படிப்பு என்றுதான் சொன்னார்கள். என் ஓரகத்தி, வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, காசு குடுக்காமலே அந்த வேலைய நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களே, இதுக்கு இன்னாத்துக்குக் கல்லூரி என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு நாறினாலும் கேள்வி நியாயம்தான். என் மாமனார் ஊருக்குச் செத்த மாடு தூக்கினவர். என் வீட்டுக்காரர் அதைத் தூக்கமாட்டேன் என்று சொல்லி அடிபட்டவர். அப்படி உதறிவிட்டு வந்த வேலையை, இவள் சல்வார் போட்டுக்கொண்டு, பையில் நோட்டு வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய்ப் படிப்பதா என்று எனக்குக் குமட்டியது. அதை அவளிடம் சொன்னேன்.

அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "அங்க எல்லா ஜாதிப் பொண்ணுங்களும் அத்தத்தான் படிக்குது அத்தே" என்றாள்.

எல்லா வீட்டுப் பெண்ணும் அள்ளுகிறாளா? ஊர்த்தெருப் பெண்ணும் அள்ளுகிறாளா? எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நல்ல ஆசை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு இருந்தது. போய்ப் படி என்றேன்.

நான்கைந்து மாதம் போயிற்று. அந்தக் கல்லூரியில் பழகிப் பார்க்க ஒரு ரப்பர் பொம்மை வைத்திருந்தார்கள். அதன் கை முறிந்துவிட்டதாம். முறியாவிட்டாலும் அதற்குக் கனம் இல்லை, வயதானவர்களுடைய தோல் எப்படி வழுக்கும், எலும்பு எங்கே குத்தும் என்று பொம்மையில் தெரியாது என்று டீச்சர் சொன்னாளாம். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அந்த டீச்சர். கடைசிப் பரீட்சை உயிருள்ள ஆளை வைத்துத்தான் நடக்கும், உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது வருவார்களா என்று பெண்களைக் கேட்டிருக்கிறாள். ஒருத்தி வீட்டிலிருந்தும் வரவில்லை. ஊர்த்தெருக் கிழவிகளைக் காலனிப் பெண்கள் தொட்டுத் துடைப்பதா என்று அந்த வீடுகளில் பேச்சு வந்துவிட்டது. யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்கு விரதம், ஒருத்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

மருமகள் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள். நானாகத்தான் பிடுங்கித் தெரிந்துகொண்டேன். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பரீட்சைக்கு முன்னால் பழகிப் பார்க்கப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் டெட்டால் நாற்றம். அதற்கு அடியில் பழைய தவிட்டு நாற்றம். கட்டில்மேல் பச்சை ரப்பர் விரிப்பு, அது முதுகில் ஒட்டியது. என் புடவையை அவிழ்த்து மேலே ஒரு துப்பட்டியைப் போர்த்தினார்கள். டீச்சர் ஒரு குண்டானைத் திறந்தாள். கேழ்வரகுக் களி. மஞ்சள் கலந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்திருந்தாள். அதை எனக்கடியில் விரித்த துணியில் அள்ளி அப்பினாள். இதுதான் மலம், நோயாளி படுக்கையிலேயே போய்விட்டார், எப்படித் துடைப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள் என்றாள்.

களி. அந்த மாவு எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து போன மாவு. மருமகள் முதல் நாள் அளந்து எடுத்தபோது தோசைக்கு என்று நினைத்திருந்தேன். களி கிடைக்காமல் தண்ணீரைக் குடித்துப் படுத்த நாளெல்லாம் எனக்கு உண்டு. அதைப் பீ என்று சொல்லி என் தொடைக்கடியில் தடவியபோது எனக்கு வந்த அருவருப்பு நிஜப் பீயைத் தடவியிருந்தால்கூட வந்திருக்காது. டீச்சர் நல்லவள்தான். ஆனால் பசி தெரியாத வீட்டில் பிறந்தவள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள், கிளவுஸ் மாட்டினார்கள், என்னை ஒரு பக்கமாகப் புரட்டினார்கள், துடைத்தார்கள், விரிப்பை மாற்றினார்கள். பிறகு கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் குழாய்க்குப் போனார்கள். அதில் ஒருத்தி மில்காரரின் தம்பி மகள். அந்த மில் யாருடையதோ அவர்தான் கல்லூரிக்குக் கட்டிடம் கொடுத்தவர், கமிட்டியில் தலைவர், உயிரோடு இருக்கும்போதே சுவரில் அவர் போட்டோ மாலையோடு தொங்கும். அவர்கள் வயலில்தான் நான் கூன் விழும்வரை நட்டேன். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் நின்று, மேலே இருந்து ஊற்றும் தண்ணீரைக் கையேந்திக் குடித்தேன். இந்தப் பெண் பன்னிரண்டாவதில் தவறி, வெளிநாட்டில் இந்தச் சர்டிபிகேட்டுக்கு வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதால் வந்து சேர்ந்திருந்தாள். என் பாதத்தை விரல் நுனியால் தூக்கினாள். மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தாள். பிறகு குழாயடிக்குப் போனவள் கழுவினாள், கழுவினாள், முழங்கை வரை நுரை போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"யாரத் தொட்டுட்டு இப்டித் தேச்சித் தேச்சிக் கய்வுறீங்கோ?" என்று கேட்டேன்.

டீச்சர் ஓடி வந்தாள். அதுதான் முறை, தொடுவதற்கு முன்னால் ஒருதரம், தொட்ட பிறகு ஒருதரம், கலெக்டரைத் தொட்டாலும் கழுவத்தான் வேண்டும் என்று விளக்கினாள். நான் குழாய்ப் பக்கம் பார்த்தேன். அந்தப் பெண் நகர்ந்துவிட்டிருந்தாள். அதே இடத்தில் என் மருமகள் நின்று, என்னைத் தொட்ட கையைக் குனிந்து கழுவிக்கொண்டிருந்தாள். நான் புடவையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தேன்.

அதற்குப் பிறகு அவளோடு நான் பேசவில்லை. அவள் ஆக்கியதைத் தொடவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒன்னத் தொட்டதுக்குக் கய்வுல அத்தே. ஒன்னத் தொட்ட கையோட அடுத்தவங்களத் தொடக்கூடாது, அவங்களத் தொட்ட கையோட ஒன்னத் தொடக்கூடாது. நோவு ஒட்டிக்கும். அதுக்குத்தான்."

"மில்காரர் வூட்டுப் பொண்ணும் அதுக்குத்தான் கய்வுனாளா?"

"அது ரெண்டுக்குந்தான் கய்வுது" என்றாள்.

பொய் சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். என்னைச் சமாதானம் செய்ய ஒரு பொய் அவள் வாயில் தயாராக இருந்திருக்கும். அதை அவள் விழுங்கிக்கொண்டதால் மறுநாள் அவளோடு பஸ் ஏறினேன்.

பரீட்சை நாளில் அந்த இடத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாசலில் வாழைமரம், பேனர். பேனரில் மில்காரர் கைகூப்பிக்கொண்டிருந்தார். மைக்கில் ஒருவர் கிராமப் பொருளாதாரம், பெண்கள் முன்னேற்றம் என்று பேசினார். அவர் பேசி முடித்துவிட்டுப் பரீட்சை நடக்கும் அறையை எட்டிப் பார்த்து, குண்டானைப் பார்த்ததும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அது களி என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பரீட்சை வைக்க அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு பெரிய நர்ஸம்மா வந்திருந்தாள். தேறுகிற பெண்களில் வேலைக்கு யார் யார் என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டு போவாள். மருமகளுக்கு உதடு காய்ந்திருந்தது.

நான் கட்டிலில் கிடந்தேன். இரண்டு மூன்று பேர் முடிந்தார்கள். அடுத்து மில்காரரின் தம்பி மகள். எனக்கடியில் புதிதாகக் களி வைத்தாயிற்று. அந்தப் பெண் கிளவுஸ் மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தபோது, போட்டோ எடுப்பவனைக் கூட்டிக்கொண்டு மில்காரர் உள்ளே வந்தார். தம்பி மகள் பரீட்சை செய்வதைப் படம் எடுக்க வந்திருப்பார் போல. கட்டிலில் யார் என்று குனிந்து பார்த்தார்.

"இன்னாது, இதுவா படுத்துக்கினு கீது?" என்றார்.

டீச்சர் ஏதோ சொல்ல வந்தாள். அவர் விடவில்லை. போட்டோக்காரனை வெளியே போகச் சொன்னார். பிறகு சுவரோரம் நின்ற என் மருமகளைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு கீதே, அத வுட்டுப் பண்ணச் சொல்லுங்க. அதுங்களுக்குப் பயக்கம். மார்க்க எங்கூட்டுப் பொண்ணுக்குப் போட்டுக்கங்க."

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. கட்டிடம் அவருடையது, அவள் என்ன பேசுவாள். நர்ஸம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் தண்ணீர்ப் பேசினைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டாள். இதைச் செய்துவிட்டால் என்ன குறைந்துவிடும், வேலை கிடைக்கட்டும், பேசாமல் கிட என்று அவள் கண் என்னைக் கெஞ்சியது. அவளைக் குறை சொல்லமாட்டேன். சூளைக்குப் போனவள் அவள். நானும் ஒரு நொடி அப்படியே கிடந்துவிடலாமா என்று நினைத்தேன். நான் எழுந்து போனால் அவள் பரீட்சையும் போகும். வாயைத் திறந்தால் அவர் கோபத்தில் இவள் வேலை போகும். முதுகுக்கடியில் களி சில்லென்று பரவிக்கொண்டிருந்தது.

"மே, நீ அங்கியே நில்லு. ஒன் மொற இன்னும் வர்ல" என்றேன்.

பிறகு அவரைப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் அந்த வீட்டு ஆம்பளைகளை ஆண்டே என்று கூப்பிட்ட வாய். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

"நைனா, நீ பொறந்தப்போ ஒங்கம்மா தீட்டுத் துணியெல்லாம் ஆத்துல போட்டு அலசுனது நானு. அன்னிக்கி எனக்குக் கிளவுசு குடுக்கல, ஒரு துண்டு சோப்பு குடுக்கல. இந்தப் பொண்ணுக்கு ரெண்டும் கீது. அது பண்ணட்டும். நான் படுத்துக்கினு கீறேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் முகம் போன போக்கை நான் விவரிக்கமாட்டேன். இப்போதும் நினைத்தால் நாக்கில் கசப்பு ஊறுகிறது. நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். குரலை உயர்த்தாமல், அந்தப் பெண்ணிடம் மட்டும், செய்கிறாயா, அடுத்தவளைக் கூப்பிடவா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். மில்காரர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அந்தப் பெண் செய்தாள். நன்றாகச் செய்தாள் என்று எழுதமாட்டேன். இரண்டு தடவை ஓங்கரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது எனக்காக வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். மடிப்பில் களி ஒட்டிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டாள். நர்ஸம்மா காட்டினாள், மறுபடி துடைத்தாள். முடித்ததும் கை கழுவப் போனாள். எவ்வளவு நேரம் கழுவினாள் என்று நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். இதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன், பார்த்தாயிற்று. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. எச்சிலை விழுங்கியது போல இருந்தது.

அடுத்தது மருமகள். மறுபடியும் களி. அவள் என் தலைமாட்டில் நின்று, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி, "அம்மா, உங்களை இப்போ இடது பக்கமாத் திருப்பப் போறேன், பயப்படாதீங்க" என்றாள். என்னை அவள் நீங்க என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, ஒரு மூச்சில் புரட்டினாள். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் சொந்த மருமகள் என் துணிக்குள் கை விட்டபோது எனக்குக் கூசிய கூச்சம் இன்னும் போகவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பெற்ற மகன் கைவிட்டவளுடைய கை அது. வலிக்கிறதா என்று நர்ஸம்மா குனிந்து கேட்டாள். இல்லை என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டவர்களில் என் மருமகள் இருந்தாள். மில்காரரின் தம்பி மகளும் தேறிவிட்டாள். அந்த நர்ஸம்மாவுக்குக் கட்டிடம் ஒன்றும் யாரும் கொடுத்திருக்கவில்லை போல.

பஸ்ஸில் வரும்போது மருமகள் என் பக்கம் திரும்பவில்லை. என் வேலையை நீ இன்றைக்குப் பணயம் வைத்தாய் என்று கோபம். இறங்கி நடக்கும்போது சொன்னாள், வேலை போயிருந்தால் என்னை உயிரோடு விட்டிருக்கமாட்டாளாம். போகவில்லை இல்லையா என்றேன். காலனிக்குள் நுழைந்ததும் ஓரகத்தி வழியை மறித்து, இன்னா, கெயவியைக் கய்வி மாலை போட்டாங்களா என்று கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்கிற வழக்கம் இல்லை.

மருமகள் இப்போது ஓரிக்கை வழியாகப் போகிற பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அந்தக் கல்லூரியில் எங்கள் காலனியிலிருந்து இன்னும் நாலு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், ஓரகத்தியின் பேத்தியும் ஒருத்தி. பழகிப் பார்க்க என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். புதுப் பொம்மை வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

போன வருஷம் மில்காரரின் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் வயது அதிகம் வித்தியாசம் இல்லை. மில்காரர் டிராக்டர் ஓட்டுகிறவனிடம் சொல்லி அனுப்பினார், உன் மருமகள் காஞ்சிபுரம் எதற்குப் போக வேண்டும், இங்கேயே வீட்டோடு இருந்து பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும், ஆஸ்பத்திரிச் சம்பளத்தைவிடக் கூடவே தருகிறோம், பின்பக்கம் ஓர் அறையும் இருக்கிறது என்று. மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். நானே பதில் சொல்லி அனுப்பினேன். அதே படிப்பைப் படித்துத் தேறிய பெண் ஒருத்தி அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள், அவள் எப்படித் துடைப்பாள் என்று எனக்குத் தெரியும், என்மேல்தான் பழகினாள் என்று சொல்லச் சொன்னேன். அவன் அப்படியே சொன்னானோ, பயந்துகொண்டு மாற்றிச் சொன்னானோ.

அந்தப் பெண் வெளிநாடும் போகவில்லை, பாட்டியைத் தொடவும் இல்லை. அவள் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்களாம். வடக்கே எங்கிருந்தோ ஒரு பெண்ணை ஏஜென்ட் மூலமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தமிழ் தெரியாதாம், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லையாம். கேட்டுப் பிடிக்காமல் போனால் அவளும் கிடைக்கமாட்டாள் அல்லவா. டிராக்டர்காரன்தான் இதையும் சொன்னான். படுக்கைப் புண் வந்து அறையே நாறுகிறதாம், அந்தப் பெண்ணைத் தவிர வீட்டில் யாரும் உள்ளே போவதில்லையாம். கேட்டதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். கிழவிக்காக என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளே போகிற அந்த ஒருத்திக்காக.